சோடா ஒடை என்று முதலில் கத்தியவள்

நம் பழைய கோ-கோ டீம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நீங்கள் எல்லோரும் அடித்துக்கொண்டதைப் படித்தேன். நம்மில் ஒருத்தியின் பேரன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் விக்கெட் எடுத்ததும் மல்லாக்க விழுகிறான். மற்றப் பையன்கள் அவனைச் சுற்றி நின்று, "சோடா ஒடை, சோடா ஒடை" என்று குதித்துக்கொண்டே பாட்டில் தண்ணீரை அவன் முகத்தில் கொட்டுகிறார்கள். அவன் துள்ளி எழுகிறான். அந்த வீடியோவுக்குக் கீழே, இது எங்கிருந்து வந்தது என்று ஒரு பெரிய விவாதம். சினிமாவிலிருந்து வந்தது என்றாள் ஒருத்தி. சிங்கம்புணரிப் பக்கம் கபடிக்கு மைக் பிடிக்கிறவர் கிளப்பிவிட்டது என்றாள் இன்னொருத்தி. சோடா கம்பெனிக்காரன் விளம்பரம் என்று மூன்றாவது கட்சி. ரிட்டயர் ஆனதிலிருந்து நமக்கெல்லாம் ஆராய்ச்சி புத்தி வந்துவிட்டது.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. படித்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும், அதைப் பார்த்து யாராவது கேட்பீர்களோ என்று ரெண்டு நாள் போனையே தொடாமல் இருந்தேன். அறுபது வயதைத் தாண்டியவளுக்கு இப்படி ஒரு பயம்.

அதைக் கத்தியது நான்தான். நம் காரைக்குடிப் பள்ளி மைதானத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே சோடாப் பெட்டி வைத்திருந்த அந்த மூலையில். உங்களில் நாலைந்து பேர் என் பக்கத்தில் நின்றீர்கள். ஆனால் நீங்கள் நினைப்பது போல அது ஜெயித்த குஷியில் வந்த கத்தல் இல்லை. பயத்தில் வந்தது. முழுக்கதை உங்களில் யாருக்கும் தெரியாது, எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

நான் ஏழாம் வகுப்பு. அக்கா ஒன்பதாம் வகுப்பு. நம் கோ-கோ டீமில் இரண்டு பேரும் இருந்தோம். நான் இருந்தது ஒப்புக்கு. அக்கா இருந்ததால்தான் அது டீம். அந்த ஆட்டத்தை இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்களோ தெரியாது. இரண்டு கம்பத்துக்கு நடுவே எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் விரட்டுவாள். அவள் முதுகில் தட்டி 'கோ' என்றதும் உட்கார்ந்திருப்பவள் எழுந்து விரட்டுவாள். ஓடுகிற கட்சிக்காரி யார் கையிலும் படாமல் விசில் ஊதும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அக்கா அந்த எட்டுப் பேருக்கு நடுவே துணியில் ஊசி போவது போல உள்ளே போய் வெளியே வருவாள். டிரில் டீச்சர் ஸ்டாப்வாட்சைப் பார்க்க மறந்து அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்று பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மேட்ச். கடைசி மூன்று நிமிஷம் அக்கா மட்டும்தான் களத்தில். அவள் அவுட் ஆகவில்லை, விசில் ஊதியது, ஜெயித்துவிட்டோம். நீங்கள் எல்லோரும் டீச்சரைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் அக்காவைப் பார்த்தேன். கம்பத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவள் நினைத்த இடத்தில் கம்பம் இல்லை போலிருக்கிறது. அப்படியே செம்மண்ணில் மல்லாக்க விழுந்தாள்.

மயக்கம் போட்டு விழுந்தால் முகத்தில் சோடா அடிக்க வேண்டும் என்பது நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். டீச்சர் மேட்ச் அன்று ஒரு பெட்டி சோடா சொல்லிவைப்பார். ஓடினேன். "சோடா ஒடைங்கடி! சோடா ஒடைங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உங்களில் ஒருத்தி, யார் என்று ஞாபகமில்லை, கட்டைவிரலால் கோலியை அமுக்கி டப்பென்று உடைத்தாள். நுரையோடு அக்கா முகத்தில் ஊற்றினேன்.

"என்னடி அங்க?" என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து டீச்சர் சத்தம் போட்டார்.

அந்த ஒரு நொடியில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. "சுத்தி நில்லுங்கடி" என்று உங்களை இழுத்து வட்டமாக நிறுத்தினேன். டீச்சர் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினேன். "ஜெயிச்சோம்ல டீச்சர்! அக்காவுக்குச் சோடா அபிசேகம்!" என்று குதித்தேன். நான் குதித்ததும் நீங்களும் குதித்தீர்கள். நுரை கொட்டியது, சிரிப்பு கொட்டியது. டீச்சரும் சிரித்துவிட்டார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். முதலில் கேட்டது, "டீச்சர் பாத்துட்டாகளா?"

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அதே வருஷம் ஆடி மாதம் காலைப் பிரேயரில் எட்டாம் வகுப்பில் ஒருத்தி மயங்கி விழுந்தாளே, நினைவிருக்கிறதா? ரிக்‌ஷா வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் மஞ்சள் தடவிய சடங்குப் பத்திரிகை வகுப்புக்கு வந்தது. அவள் வரவில்லை. அவள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. நம் வீடுகளில் பெண்பிள்ளை மயங்கி விழுந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்பே பந்தல்காரரிடம் ஆள் போய்விடும். விழுந்தவள் வயதுக்கு வந்துவிட்டாள், அவ்வளவுதான் கணக்கு. வேறு காரணத்துக்கும் ஒரு பெண் மயங்கலாம் என்று யாரும் யோசித்தே நான் பார்த்ததில்லை.

அக்கா ஒன்பதாம் வகுப்பிலும் தாவணி போடாத ஒரே பெண். அதனாலேயே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவள் மேல் கண். அப்பா தச்சு வேலை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, சிங்கம்புணரியில் இருந்தார். அத்தைக்கு ஒரே மகன். முறைப்படி அக்கா அவருக்குத்தான் என்பது அக்கா தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்த பேச்சு. மாதம் ஒருமுறை அத்தை வருவார். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்காவைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்பார்.

"என்ன மதினி, இன்னும் ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா. களி கிண்டிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் சாப்பிட்டே அக்காவுக்கு அந்த வாசனை வந்தால் குமட்டும். அத்தை கெட்டவர் இல்லை. எங்களுக்கு மிட்டாய் வாங்காமல் வந்ததே கிடையாது. ஆனால் அவர் பார்க்கிற அந்தப் பார்வையில் அக்காவின் பள்ளிக்கூடம் ஒவ்வொரு நாளாகக் குறைந்துகொண்டே வந்தது. அக்காவுக்குக் கணக்கு டீச்சர் ஆக வேண்டும். அதற்குப் பத்தாவது முடிக்க வேண்டும்.

அன்று மேட்ச் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். ஒரு தெரு நீளத்துக்குப் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய வீட்டின் பக்கச் சுவர் இருக்கிறதே, அது முடிவதற்குள் அக்கா மூன்று இடத்தில் நின்றாள். செருப்பு வாரைச் சரிசெய்கிறது போல ஒரு தடவை, புத்தகப் பையை மாற்றுகிறது போல ஒரு தடவை. மூன்றாம் தடவை நடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கினாள்.

"இதுக்கு முன்னாடியும் வந்திருக்காக்கா?"

"மாடிப்படி ஏறுனா வரும். இருட்டிக்கிட்டு வந்து போயிரும்." என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. "வீட்டுல சொல்லிராதடி. இன்னும் ஒரு வருசந்தான். பத்தாப்பு முடிச்சதும் நானே சொல்லிர்றேன்."

"அப்பன்னா ஓடாத. டீம விட்டு நின்னுரு."

"நின்னா ஏன் நின்னன்னு கேப்பாகள்ல?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

அடுத்த மேட்சில்தான் வினையே. ஜெயித்தோம். அக்காவுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, நன்றாக நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் சும்மா இருந்தீர்களா? "அபிசேகம் எங்க? சோடா ஒடை!" என்று ஆரம்பித்தீர்கள். மறுத்தால் சந்தேகம் வரும். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே கையை விரித்து மல்லாக்க விழுந்து கண்ணை மூடினாள். வட்டம், குதி, நுரை. துள்ளி எழுந்தாள். மைதானமே சிரித்தது. நான் மட்டும் அந்த அரை நிமிஷத்தில் செத்துப் பிழைத்தேன். விழுந்தது நிஜமா நடிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விழுந்ததும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். நடிப்பு என்றால் அவள் என் கையைக் கிள்ள வேண்டும். கிள்ளவில்லை என்றால் நிஜம். நான் அவள் காலைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் அடித்து எழுப்ப வேண்டும். உங்களுக்கு அதெல்லாம் விளையாட்டின் ஒரு பகுதி. எனக்கு அந்தக் கிள்ளு வருகிற வரைக்கும் உலகத்தில் வேறொன்றும் இல்லை. சில நாள் உடனே வரும். சில நாள் பத்து எண்ணுகிற வரை வராது. அந்தப் பருவம் முழுக்க நாலு தடவை அது வரவே இல்லை. முதல் நாளோடு சேர்த்து ஐந்து.

இதற்கிடையே வார்த்தை கால் முளைத்து ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. முதலில் ஆண்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். கோல் போட்டவன் விழுவான், மற்றவன் தண்ணீர்ப் பானையோடு ஓடி வருவான். பிறகு கோலிக்குண்டு ஆடுகிற பொடிசுகள். அரியக்குடியில் தேர் ஓர் இடத்தில் சிக்கி, தள்ளித் தள்ளி நகர்ந்தபோது வடம் பிடித்த இளவட்டங்கள், "சோடா ஒடை!" என்று கத்தியதை நானே என் காதால் கேட்டேன். கூட்டம் முழுக்கச் சிரித்தது. இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், இது யார் ஆரம்பித்தது, எதற்கு ஆரம்பித்தது என்று கேட்டுவிட்டால்? தேரில் இருந்த பெருமாளைப் பார்த்து, 'யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்' என்று வேண்டிக்கொண்டேன். மற்றவர்கள் என்ன வேண்டினார்களோ.

எங்கள் சோடாக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "பாப்பா, உங்க புண்ணியத்துல நம்ம சோடாவுக்கு மவுசு வந்துருச்சு" என்று என் கையில் ஒரு பன்னீர் சோடாவைத் திணித்தார். குடிக்க முடியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அன்று ஒரு புது வீட்டுக்கு வாசல் நிலை வைத்திருக்கிறார்கள். கனமான தேக்கு நிலை. ஆறு பேர் தூக்கிச் சரியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

"நிலை நின்னதும் பயலுக என்னமோ 'சோடா ஒடை'ங்கிறாய்ங்க. என்னங்கடா அதுன்னேன். பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சதாம். உங்க பள்ளிக்கூடந்தான?" என்று எங்களைப் பார்த்தார்.

அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"ஆமாப்பா. எல்லாரும் சொல்றாக" என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

"நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். அக்கா தண்ணீர் குடித்தாள். டம்ளர் அவள் பல்லில் பட்டு டகடகவென்று சத்தம் வந்தது. அதுகூட யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு முறை சொல்லிவிடலாம் என்றே போனேன். அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அக்கா…" என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நானும் பாத்துக்கிட்டுத்தான்டி இருக்கேன். மொகமெல்லாம் வெளுத்து, அசந்து அசந்து உக்காந்துக்கிருக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நீ வெளிய சொல்லிட்டுத் திரியாத" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. அக்காவுக்கு எடுத்துவைத்திருந்த பட்டுப் பாவாடையைக் காட்டவே கூட்டிக்கொண்டு போனார். அரக்குக் கலர், மயில் கழுத்து பார்டர். நான் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா முகம் வெளுத்ததை அம்மா பார்க்காமல் இல்லை. பார்த்தார், தனக்கு வேண்டிய காரணத்தைப் பார்த்தார். இன்றைக்கு யோசித்தால் அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்?

அடுத்த முறை வந்த அத்தை சும்மா வரவில்லை. சிங்கம்புணரிச் சந்தையில் பையன்கள் மண்ணில் விழுந்து புரண்டதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஏண்ணே, ஒம் மூத்த மகதான் இத ஆரம்பிச்சு வச்சான்னு எங்க ஊர்ல பேசிக்கிறாகளே! கட்டிக்குடுக்கப் போற புள்ள, நாலு பேரு பாக்க மல்லாந்து விழுந்து கெடக்குறதா? பள்ளிக்கூடமும் வேணாம் ஒண்ணும் வேணாம், நிறுத்திருண்ணே."

அப்பா யோசித்தார். அப்பா யோசித்தால் மேல்துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டே இருப்பார். அன்று பாதித் துண்டு போயிருக்கும். கடைசியில் டிரில் டீச்சரே வீட்டுக்கு வந்து பேசியதால் பாதிக்குப் பாதியாக முடிந்தது. சிவகங்கையில் மாவட்டப் போட்டி. அது மட்டும் ஆடலாம், அதோடு ஓட்டம் சாட்டம் எல்லாம் நிறுத்தம். பள்ளிக்கூடத்தைப் பற்றி முழுப் பரீட்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்கா அதைக் கேட்டு அன்று சிரித்தாள். "இன்னும் ஒரே ஒரு மேட்ச்தான்டி. அப்பறம் யாரும் ஏன்னு கேக்க மாட்டாக" என்றாள். எனக்கும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

சிவகங்கைக்குப் பஸ்ஸில் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எலுமிச்சைச் சாதம், ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை, ஒருத்தி வழியெல்லாம் வாந்தி. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் கழுத்தில் ஒரு நரம்பு வேகவேகமாகத் துடித்ததைக் காளையார்கோவில் வரை எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலேயே எண்ணினேன்.

இறுதி ஆட்டம். எதிரணி சிவகங்கைக்காரிகள். அவர்களுடைய கேப்டன் உயரமாக, எலும்பும் தோலுமாக, முடியை ஏறக் கட்டி ஆம்பளைப் பையன் போல இருந்தாளே, அவள் அக்காவை விரட்டிய விரட்டை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. கடைசி நிமிஷம். அக்கா வளைந்து, குனிந்து, கம்பத்தைப் பிடித்துச் சுழன்று, அவள் விரல் நுனிக்குத் தப்பினாள். விசில்.

ஜெயித்துவிட்டோம். காரைக்குடியிலிருந்து போன, கிழிந்த கேன்வாஸ் ஷூ போட்ட நாம் மாவட்டத்தையே ஜெயித்துவிட்டோம்.

அக்கா விழுந்தாள். நீங்கள் ஓடினீர்கள். சிவகங்கைக்காரிகளும் ஓடி வந்தார்கள், அவர்களுக்கும் அந்த வார்த்தை ஏற்கெனவே தெரிந்திருந்தது. வெளியே உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். "சோடா ஒடை! சோடா ஒடை!" என்று நூறு வாய் ஒரே நேரத்தில். நாலு பக்கமும் கோலி உடைகிற சத்தம். தோற்றவர்கள்கூடக் குதித்தார்கள்.

அந்தக் கேப்டன் மட்டும் குதிக்கவில்லை. அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தவள் சட்டென்று மண்டி போட்டாள்.

"ஏய், நிறுத்துங்கடி! இந்தப் புள்ளைக்கு ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு! நிறுத்துங்கடி!"

யார் நிறுத்துவார்கள்? அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினார்கள். இன்னொரு பாட்டில் அக்கா மூக்கில் இறங்கியது. அவள் தன் கையால் அக்காவின் முகத்தை மூடிக்கொண்டு, "டீச்சர்! டீச்சர்!" என்று அலறினாள். வட்டம் இறுக்கமாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக நான் போட்டுக் கொடுத்த வட்டம். கடைசியில் அவள் அக்காவை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு முழங்கையால் குத்திக் குத்தி வழி பண்ணி வெளியே ஓடினாள். அப்போதுதான் சத்தம் அடங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுக்கு முன்னாடி விழுந்திருக்காளா?" என்று டீச்சரிடம் கேட்டார். "இல்ல டாக்டர், நல்லா ஓடுற பொண்ணு" என்றார் டீச்சர். "அஞ்சு தடவ" என்றேன் நான். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். மாடிப்படி, சுவர், ஜில்லென்ற விரல், சின்ன வயதில் மூட்டு வீங்கிப் பல நாள் கிடந்த காய்ச்சல் வரைக்கும். அந்தக் காய்ச்சல்தான் இதய வால்வைச் சுருக்கிவிட்டதாம். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரையிலிருந்து மதராஸ்.

அப்பா ரம்பத்தூள் ஒட்டிய சட்டையோடு சிவகங்கைக்கு வந்து சேர்ந்தார், கூடவே அம்மாவும். வீடு பூட்டிக் கிடந்தது. இங்கேதான் நம் ஊர் தன் வேலையைக் காட்டியது. சிங்கம்புணரிக்குச் சேதி போன விதம் என்ன தெரியுமா? "மூத்த பொண்ணு மயங்கி விழுந்துட்டா." அவ்வளவுதான். மறுநாள் காலையில் அத்தை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள், பூ, எள்ளுருண்டை, புட்டு, புதுத் தாவணி. ஒரு குடம் நல்லெண்ணெய் வேறு. பூட்டிய வீட்டு வாசலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்து மத்தியானம் வரை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையே கட்டிக்கொண்டு அழுதாராம். அத்தையை நினைத்தால் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வருகிறது.

அக்காவுக்கு மதராஸில் வால்வைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் திரும்பாமல் இருக்க இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி என்று பல வருஷம் போட்டுக்கொண்டாள். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். "நெஞ்சுல கத்தி வச்ச புள்ளைய யாரு கட்டுவா" என்று சொந்தமெல்லாம் உச்சுக்கொட்டியது. அப்பாவும் மனசு விட்டுப்போய், "சும்மா ஒக்காந்திருக்கிறதுக்குப் படிக்கவாவது செய்யட்டும்" என்றார். அப்படித்தான் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து, இவள் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்து, அவள் கேட்ட வாழ்க்கையைக் கொடுத்தார்கள். கணக்கு டீச்சராக இருந்துதான் ரிட்டயர் ஆனாள்.

எனக்கு வேறொன்று கிடைத்தது. "சின்னவதான் காப்பாத்துனா. அவ மட்டும் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லலைன்னா போயிருக்கும்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதும் வந்தவர்களிடம் சொன்னார். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். நம் டீமின் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டபோது ஒருத்தி அதைச் சொல்லவும் செய்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். விசில் ஊதியதும் நான் அக்காவிடம் போகவில்லை. அவள் கையைப் பிடிக்கவில்லை. நானும் ஆடினேன். உங்கள் எல்லோரையும் விட உயரமாகக் குதித்தேன். அந்தக் கேப்டன் நிறுத்துங்கடி என்று கத்தியது என் காதில் விழுந்தது, அதற்குப் பிறகும் குதித்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அந்தப் பருவம் முழுக்க அக்காவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவள், எடுக்கக்கூடாத ஒரே ஒரு நேரத்தில் எடுத்துவிட்டேன். அந்த வார்த்தை டிவியில் வந்தாலும், பேரப் பிள்ளைகள் வாசலில் கத்தினாலும், கீழே விழுந்து கிடக்கிற பையனின் முகத்தைத்தான் தேடுகிறேன். அவன் எழுந்து நிற்கிற வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

உங்கள் விவாதத்தைப் படித்து மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடியோவைக் காட்டினேன். சிரித்தாள். பிறகு, அவளிடம் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னேன். அந்தக் கேப்டன் கத்திய பிறகும் நான் ஆடிக்கொண்டிருந்தேன் என்று.

அக்கா மாத்திரை டப்பாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். "கண்ணு இருட்டுற வரைக்கும் ஒன்னயத்தான் பாத்துக்கிருந்தேன். கூப்புட்டிருக்கலாம், அம்புட்டு மூச்சு இருந்துச்சு. ஆனா அந்த வருசம் பூராம் நீ சிரிச்சே நான் பாக்கலடி. அன்னிக்குத்தான் அப்புடிக் குதிச்ச. சரி, ஆடட்டும்னு விட்டுட்டேன்."

அன்று அவளுக்குப் பதினாலு வயது.